மனு போட்டாச்சு, பதில் எங்கே?

கானத்தூர் ரெட்டிக்குப்பத்திலிருந்து ஆலம்பரைக் கோட்டை வரை நீளும் செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் அரசு அறிவிப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. நெம்மேலியில் இரண்டு கடல்நீர்க் குடிநீர் ஆலைகள் இருக்கின்றன. பக்கத்துப் பேரூரில் நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர் கொள்ளளவில் இன்னொன்றுக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டினார்கள். மாமல்லபுரத்துச் சின்னங்கள் 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியவை. அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடமே கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்காமல் கட்டக் கூடாது. தெற்கே கல்பாக்கம் அணுமின் வளாகம். இவற்றுக்கு நடுவே விடுதிகள், கேளிக்கைப் பூங்காக்கள், அகலமாகிக்கொண்டே போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை. இந்தக் கரையைப் பற்றிப் புதிதாக ஒரு வரைவு வந்தால், கடைசியில் ஒரு வரி நிச்சயம் இருக்கும்: பொதுமக்கள் தங்கள் கருத்துகளை இத்தனை நாட்களுக்குள் எழுத்து மூலமாகவோ மின்னஞ்சலிலோ தெரிவிக்கலாம்.

தெரிவிக்கிறார்கள். அப்படித் தெரிவித்த கருத்து எங்கே போகிறது, யார் படிக்கிறார்கள், ஏற்றார்களா தள்ளினார்களா என்று எழுதியவருக்கு யார் சொல்வது? கருத்துக் கேட்பைப் பற்றிய விவாதமெல்லாம் பெரும்பாலும் கூட்டம் நடந்த விதத்தோடு நின்றுவிடுகிறது. பந்தல், காவலர் எண்ணிக்கை, வேனில் ஆள் கொண்டுவந்தது யார் என்பதெல்லாம் செய்தியாகின்றன. என் பார்வையில் உண்மையான ஓட்டை அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

மனு எழுதுவது நமக்குப் புதிதல்ல. 1854இல் சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகக் குடிகளைச் சித்திரவதை செய்வதை விசாரிக்க ஓர் ஆணையம் அமர்ந்தது. அது புகார்களை வரவேற்று அறிவிப்பு விட்டது. ஏறத்தாழ இரண்டாயிரம் புகார்கள் வந்தன, பெரும்பாலும் கடிதங்களாக. நேரில் சொல்ல நூற்றுக்கணக்கானோர் பட்டணத்துக்கே வந்தார்கள். ரயில் ஓடாத காலம் அது. இந்த நிலத்தில் ‘சொன்னால் கேட்பார்கள்’ என்ற நம்பிக்கைக்கு இருக்கும் வயதை அதிலிருந்து ஊகிக்கலாம்.

செங்கல்பட்டுக்கு இதில் தனி இடம் உண்டு. இந்த மாவட்டத்தின் நிலவுரிமையைக் கம்பெனி அதிகாரிகள் புரிந்துகொண்டதே உள்ளூர்க்காரர்களோடு நடந்த நீண்ட வாதப் பிரதிவாதத்தில்தான் என்று வரலாற்றாசிரியர் யூஜின் இர்ஷிக் 1994இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். 1891இல் மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர், இங்கிருந்த ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். வீட்டுமனைகூடச் சொந்தமில்லாமல் மிராசுதாரின் தயவில் குடியிருப்பவர்களைப் பற்றிய அறிக்கை. அது கோட்டையில் உறங்கிவிடவில்லை. 1892 செப்டம்பரில் அரசாணை 1010 வந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வதன் தொடக்கம் அதுதான். கீழிருந்து போன சொல் மேலே எழுத்தாகித் திரும்பி வந்த அரிய நேரம்.

அந்த எழுத்து நூறாண்டுக்குப் பிறகு என்ன ஆனது என்பதற்கும் இதே மாவட்டம் சாட்சி. மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டு நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். கேட்டது புதிய உரிமை அல்ல. நூறு வருடத்துக்கு முன் அரசே எழுதிக் கொடுத்தது.

இனி இன்றைய சட்டம். சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது 1997 ஏப்ரலில் செய்த திருத்தத்தால் கட்டாயமானது. இப்போது நடப்பில் இருப்பது 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. கருத்துக் கேட்பு அதில் இரண்டு கால்களில் நிற்கிறது: ஒன்று நேரடிக் கூட்டம், மற்றது எழுத்து மூலக் கருத்து. கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும். மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவரது பிரதிநிதியோ தலைமை தாங்க வேண்டும். எல்லாமே வீடியோவில் பதிவாக வேண்டும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பை உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்று மட்டும் எந்தக் கணக்கும் இல்லை. நாலு பேர் வந்தாலும் அது கூட்டம்தான்.

காகிதத்தில் இது மோசமான ஏற்பாடு அல்ல. பல நாடுகளில் இந்த அளவுகூட இல்லை. ஆனால் கருத்துச் சொல்வதற்கு முன்பே ஒரு தடை இருக்கிறது: கருத்துக் கேட்கிறார்கள் என்ற செய்தியே வந்து சேர வேண்டும். கொக்கிலமேட்டிலோ உய்யாலிக்குப்பத்திலோ ஃபைபர் படகுக்காரர் விடியுமுன் கடலுக்குள் போய், முற்பகலில் கரை ஏறி, மீனை ஏலம் விட்டு, வலையை உதறிக் காயப்போட்டு வீடு போகிறார். நாளிதழின் உள்பக்கத்து விளம்பரத்தில் சின்ன எழுத்தில் வந்த அறிவிப்பு அவர் கண்ணில் படும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். கூட்டம் பெரும்பாலும் காலை 11 மணிக்கு. மீன் விற்கிற நேரம். ஊர்ப் பஞ்சாயத்தார் காதில் விழுந்தால் கோயில் ஒலிபெருக்கியில் சொல்வார்கள், அதோடு சரி. தண்டோரா போட்ட காலம் ஒன்று இருந்தது. சாதியின் பெயரால் ஒருவர் தலையில் கட்டிய வேலை அது என்பதால் 2022 ஆகஸ்டில் தமிழக அரசு அதை நிறுத்தச் சொன்னது, சரியாகவே. வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லுங்கள் என்றது. ஆலைக் கூட்டத்துக்கும் வரைபடக் கூட்டத்துக்கும் அந்த வண்டி எத்தனை குப்பத்துக்குள் வருகிறது என்று குப்பத்தில் கேட்டுப் பாருங்கள்.

வரைபடம் என்றதும் கடலோரச் சட்டத்துக்கு வர வேண்டும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் வந்தது 1991இல். 2011இல் அதை மாற்றி எழுதினார்கள், 2019 ஜனவரியில் மறுபடியும். கடைசி மாற்றத்துக்கான வரைவை 2018 ஏப்ரலில் வெளியிட்டு 60 நாளில் கருத்துக் கேட்டார்கள். அந்த வரைவின் வழியே வந்த ஒரு மாற்றம் மட்டும் போதும், விஷயத்தின் கனம் புரிய: 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் கிராமக் கடற்கரைகளில், 200 மீட்டராக இருந்த கட்டடத் தடைப் பகுதி 50 மீட்டராகச் சுருங்கியது. அலைக்கும் வாசலுக்கும் நடுவில் வாழ்பவர்களுக்கு இதைவிடப் பெரிய செய்தி ஏது? அந்த 60 நாளில் இந்தக் கரையின் எத்தனை வீடுகளில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்திருக்கும்?

அறிவிக்கை வந்தபின் ஒவ்வொரு மாநிலமும் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம் போட வேண்டும். படகு நிறுத்தும் கரை, வலை காயும் மணல், மீன் உலர்த்தும் களம் ஆகிய மீனவப் பொதுச் சொத்துகளைக் குறிக்க வேண்டும், மீனவர் குடியிருப்புக்கு எதிர்காலத் திட்டம் வேண்டும் என்பதெல்லாம் விதியிலேயே இருக்கிறது. 2023இல் தமிழ்நாட்டின் வரைவு வரைபடங்கள் பார்வைக்கு வந்தபோது மீனவர் அமைப்புகள் ஒரே குரலில் சொன்ன குறை, இவைதான் அதில் விடுபட்டிருக்கின்றன என்பது. ஊரின் பெயரே இல்லாத குப்பங்கள், வெறும் மணலாகக் காட்டப்பட்ட படகுத்துறைகள். இது வெறும் அபிப்பிராயமில்லை. கரையில் வாழ்பவருக்கு மட்டுமே தெரிந்த தகவல். செயற்கைக்கோள் படத்துக்கு மணல் தெரியும், அதில் யார் வலை காய்கிறது என்பது தெரியாது. கருத்துக் கேட்பின் முதல் பயனே இப்படி விடுபட்ட தகவலை நிரப்புவதுதான். அதை எதிர்ப்பு என்ற கட்டில் போட்டு மூடிவைக்கும் பழக்கம்தான் நம் அலுவலகங்களின் பெரிய வியாதி.

இன்னொரு வேடிக்கை. இந்தக் கரையை அதிகம் மாற்றிய திட்டங்களுக்கெல்லாம் மக்கள் கூட்டம் கட்டாயம் என்று நினைத்தால் தவறு. 2006 அறிவிக்கையின் அட்டவணையில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை தனி இனமாக இடம்பெறவில்லை. கடலோர ஒழுங்குமுறை அனுமதிதான் அதற்கு முக்கிய வாசல். நெம்மேலியில் நாளுக்கு 10 கோடி லிட்டர் ஆலை 2013இலும், 15 கோடி லிட்டர் ஆலை 2024 பிப்ரவரியிலும் தொடங்கின. தண்ணீர் சென்னைக்குப் போகிறது, உப்புக் கழிவு இங்கே கடலில் விழுகிறது. ஆலை வந்த பிறகு கரை அரிக்கிறது என்று சூளேரிக்காட்டுக்குப்பத்து மக்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவருகிறார்கள். அவர்கள் சொல்வது அறிவியல்படி எவ்வளவு சரி என்று நான் இங்கே தீர்ப்பெழுதப் போவதில்லை. அதை ஓரிடத்தில் பதிந்து, ஆராய்ந்து, ‘இது சரி, இது தவறு, காரணம் இது’ என்று அவர்களிடமே திருப்பிச் சொல்ல ஒரு வழி வேண்டும் என்பதுதான் என் வாதம்.

மின்னஞ்சல் வந்த பிறகு நிலைமை மாறியிருக்க வேண்டும். கடப்பாக்கத்திலிருந்து பேருந்து மாறி மாறி ஆட்சியர் அலுவலகம் வரவேண்டிய தேவை தீர்ந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து டெல்லிக்கே எழுதலாம். எழுதினார்கள். அதன் விளைவை 2020இல் பார்த்தோம்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான புதிய வரைவு 2020 மார்ச் 12 தேதியிட்டு, ஏப்ரல் 11 அன்று அரசிதழில் வந்தது. நாடே ஊரடங்கில் இருந்தது. கூட்டத்துக்கான முன்னறிவிப்பை 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைப்பது அதில் ஓர் அம்சம். வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று தலையிட்டு, கருத்துச் சொல்லும் கடைசி நாளை ஆகஸ்ட் 11க்குத் தள்ளியது. எட்டாவது அட்டவணை மொழிகளில் மொழிபெயர்க்கவும் சொன்னது. மத்திய அரசு அந்த ஆணையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. தமிழில் அந்த வரைவு என்ன சொல்கிறது என்பதை ஆர்வலர்களும் பத்திரிகைகளும்தான் மக்களிடம் கொண்டுபோனார்கள். நடிகர் கார்த்தியின் அறிக்கைக்குப் பிறகே பல வீடுகளில் அந்த வரைவின் பெயர் அடிபட்டது. முடிவில் 17 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் அமைச்சகத்துக்குக் குவிந்ததாகச் செய்திகள் வந்தன.

இதற்கு நடுவே நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. ஒரே தலைப்பில் மின்னஞ்சல்கள் வந்து குவிகின்றன என்று அமைச்சரிடமிருந்து வந்த புகாரின் பேரில், அவற்றை அனுப்ப வழிசெய்த இளைஞர் இயக்கம் ஒன்றின் இணையதளத்துக்கு டெல்லி காவல்துறை நோட்டீஸ் அனுப்பியது. அதில் குறிப்பிட்ட சட்டம் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்; பயங்கரவாத வழக்குகளுக்கு வைத்திருப்பது. பிறகு, தவறுதலாகப் போய்விட்டது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்கு மாற்றி, அதையும் விலக்கிக்கொண்டார்கள். கருத்து அனுப்புங்கள் என்று முகவரி கொடுத்துவிட்டு, அனுப்பினால் பெட்டி நிரம்புகிறது என்று புகார் கொடுப்பது எந்த ஊர் நியாயம்? கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டுப் பந்திக்கு வந்தவர்களைத் திருடர் என்று சொல்வதற்கு இது சமம்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. அச்சடித்த ஒரே கடிதத்தில் ஆயிரம் கையெழுத்து, ஒரே மின்னஞ்சல் பத்தாயிரம் பெயரில் என்பதும் நடக்கிறது. அமெரிக்காவில் இணையச் சமத்துவ விதியை 2017இல் நீக்கும் முன் கருத்துக் கேட்டபோது 2 கோடிக்கு மேல் கருத்துகள் வந்தன. அவற்றில் ஏறத்தாழ 1.8 கோடி போலி என்று நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞரின் 2021 அறிக்கை கண்டது. இணையச் சேவைத் தொழில் துறையின் பணத்தில் தயாரானவை பல லட்சம். 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவரே மென்பொருள் வைத்து 77 லட்சம் அனுப்பியிருந்தார். ஆக, எண்ணிக்கையை வாக்காக எண்ணக் கூடாது என்று அதிகாரிகள் சொல்வதில் நியாயமிருக்கிறது.

ஆனால் அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவுதான் கோணல். கருத்து வாக்கல்ல என்றால், பத்தாயிரம் கடிதத்திலும் இருக்கும் கேள்வி ஒன்றுதானே? அதற்குப் பதில் ஒன்று எழுதினால் போதும். எழுதியவர் அத்தனை பேருக்கும் அதை அனுப்பினால் போதும். வேலை குறைகிறது, கூடவில்லை. அமெரிக்காவில் 1946ஆம் ஆண்டின் நிர்வாக நடைமுறைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றங்கள் வற்புறுத்துவது இதைத்தான்: முக்கியமான கருத்து எதுவாயினும் இறுதி விதியில் அதற்குப் பதில் இருக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகள் 1998இல் கையெழுத்திட்ட ஆர்ஹஸ் ஒப்பந்தம் ஒரு படி மேலே போய், முடிவையும் அதற்கான காரணங்களையும் மக்களுக்கு உடனே தெரிவிக்கச் சொல்கிறது.

நம் சட்டத்தில் இது அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கூட்டத்தில் எழுந்த முக்கியமான சூழல் கவலைகளுக்கெல்லாம் திட்டக்காரர் தம் இறுதி அறிக்கையில் பதில் சொல்ல வேண்டும் என்று 2006 அறிவிக்கை கேட்கிறது. நிபுணர் குழு அந்த ஆட்சேபணைகளை ஆராய்ந்து, ஏன் ஏற்கிறது, ஏன் தள்ளுகிறது என்று காரணம் எழுத வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2009 நவம்பரில் உத்கர்ஷ் மண்டல் வழக்கில் சொன்னது. கோவாவின் சுரங்கம் ஒன்றைப் பற்றிய வழக்கு அது. ஒரே நாளில் குழு எத்தனை திட்டங்களைப் பார்த்து முடித்துவிடுகிறது என்று பார்த்துத் திகைத்த நீதிபதிகள், ஒரு கூட்டத்துக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம் என்றார்கள். 2014 பிப்ரவரியில் மத்திய அரசே, சட்ட வரைவுகளை 30 நாள் பார்வைக்கு வைத்து, வந்த கருத்துகளின் சுருக்கத்தை இணையத்தில் போட வேண்டும் என்று ஒரு கொள்கை வகுத்தது. நல்ல கொள்கை. பின்பற்றாவிட்டால் என்ன என்று அதில் இல்லை.

இவை எல்லாவற்றிலும் ஒரு ஆள் விடுபடுகிறார்: கருத்துச் சொன்னவர். பதில் அறிக்கைக்குள் இருக்கிறது, அறிக்கை அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் இருக்கிறது, நூற்றுக்கணக்கான பக்கம், ஆங்கிலத்தில். கூட்டத்தில் ஒலிவாங்கி பிடித்துப் பேசிய மீனவப் பெண்ணுக்கு ஒரு கடிதம்கூட வராது, ஏனென்றால் அனுப்ப வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. அனுமதி கிடைத்ததைத் திட்டக்காரர் ஏழு நாளில் நாளிதழில் விளம்பரம் செய்தால் போதும்.

இது வெறும் மரியாதைக் குறைவு என்று விட்டுவிடலாம், கடிகாரம் ஒன்று ஓடாமல் இருந்தால். தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010, 16ஆம் பிரிவு: அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள்; தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். 90க்கு மேல் ஒரு நாள்கூட இல்லை. எந்த நாளிலிருந்து எண்ணுவது? இணையதளம், நாளிதழ், உள்ளாட்சி அலுவலகம் எனப் பல வழிகளில் தெரிவிக்க வேண்டியிருப்பதால், அவற்றில் எது முதலில் முழுமையாக நடக்கிறதோ அதிலிருந்தே என்று 2013 மார்ச்சில் மோன் பகுதி வழக்கில் தீர்ப்பாயம் முடிவு செய்தது. சட்டத்தின் தர்க்கப்படி சரிதான். கொக்கிலமேட்டுப் படகுக்காரரின் தர்க்கப்படி, இணையத்தில் ஒரு கோப்பு ஏறிய நாளில் அவருடைய கெடு ஓடத் தொடங்கிவிடுகிறது, அவருக்கே தெரியாமல். பதில் வராததால் போவது மனத்திருப்தி மட்டுமல்ல, வழக்குப் போடும் உரிமையும் சேர்ந்தே போகிறது.

ஒப்பிட்டுப் பாருங்கள். முதியோர் உதவித்தொகைக்கோ பட்டா மாறுதலுக்கோ ‘முதல்வரின் முகவரி’ துறைக்கு மனு கொடுத்தால் மனு எண்ணோடு கைபேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் மனுவைப் பதிந்து எண் தருகிறார்கள். சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பிவைத்ததையே தீர்வு என்று கணக்கு முடித்துவிடுகிறார்கள் என்ற குறை பரவலாக உண்டு, அது உண்மையும்கூட. இருந்தாலும் மனு உயிரோடு இருக்கிறதா, செத்ததா என்றாவது தெரிகிறது. தனக்கு ஒரு வீட்டுமனை கேட்பவருக்குக் கிடைக்கும் இந்தக் குறைந்தபட்ச மரியாதை, ஊருக்காகக் கடற்கரையைக் கேட்பவருக்கு இல்லை.

செய்ய வேண்டியது பெரிய சீர்திருத்தமும் அல்ல. கூட்டத்தின் வருகைப் பதிவேட்டில் பெயரும் முகவரியும் ஏற்கெனவே வாங்குகிறார்கள். கைபேசி எண்ணுக்கு ஒரு கட்டம் சேர்க்கலாம். எழுத்து மூலக் கருத்துக்கு ஒப்புகை எண் தரலாம். ஒரே மாதிரிக் கருத்துகளைக் கட்டி, தமிழில் ஒரு பக்கத்தில் பதில் எழுதலாம். அனுமதி வழங்கிய அன்றே, மேல்முறையீட்டுக்கான கடைசி நாளைச் சேர்த்து, பேசியவர்களுக்கும் எழுதியவர்களுக்கும் குறுஞ்செய்தி அனுப்பலாம். மின் கட்டணத்துக்கு வீடுவீடாக இதைத்தான் செய்கிறோம். இவற்றுக்கு டெல்லியின் திருத்தம் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். கூட்டத்தை நடத்துவது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தலைமை தாங்குவது மாவட்ட ஆட்சியர். ஒரு சுற்றறிக்கை போதும்.

அதுவரை இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூட்டத்தில் பேசினால் பேசியதை எழுதியும் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். நடவடிக்கைக் குறிப்பை வாசிக்கும் முன் எழுந்து போகாதீர்கள். உங்கள் பேச்சு அதில் இல்லையென்றால் அங்கேயே சொல்லிப் பதியச் செய்யுங்கள். படித்த பிள்ளை ஒருவரை மாதம் இருமுறை பரிவேஷ் தளத்தைப் பார்க்கச் சொல்லி ஊர்க் கூட்டத்திலேயே பொறுப்பு கொடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது விதி. மேல்முறையீட்டுக் கெடுவும் 30 நாள்தான் என்பதால், அனுமதி வரும் வரை காத்திராமல் கூட்டம் முடிந்த வாரமே அந்த மனுவைப் போட்டுவிடுங்கள்.